மென்மையான எலும்பும் செயற்கை இடுப்பு மூட்டும்: அறுவைக்கு முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை

பல்லாண்டுச் சேமிப்பு சில வாரங்களில் கரைந்துவிடும் தருணங்களை வங்கிப் பணியில் இருப்போர் அடிக்கடி காண நேரிடுகிறது. நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்னரே முறிப்பது, நகைகளை அடகு வைப்பது, தனிநபர் கடன் கோருவது ஆகியவற்றின் பின்னணியில் பெரும்பாலும் ஒரு மருத்துவமனைச் செலவு மதிப்பீடு இருக்கும். எமது பழவங்காடி வட்டார வாடிக்கையாளர்களுள் ஓய்வூதியம் பெறுவோரும் மூத்த குடிமக்களும் மிகுதி. சாலைக் கடைவீதியிலும் வலியசாலையிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அவர்களுள் கணிசமானவை. ஆகவே இவ்விதழில் செயற்கை இடுப்பு மூட்டைப் பற்றியும், அது எதிர்பாராமல் தளர்ந்துபோவதற்கான அரிய காரணம் ஒன்றைப் பற்றியும் விளக்க முற்படுகிறோம்.

அந்த அரிய காரணம், உடலில் எங்கோ மறைந்திருக்கும் ஒரு சிறு கட்டி. எலும்பை வலுவாக்கும் தாதுப்பொருளைச் சிறுநீர் வழியே வெளியேறச் செய்து, முழு எலும்புக்கூட்டையும் மென்மையாக்கும் இயல்புடையது அக்கட்டி. நோய் அரிதேயானாலும், அதனைச் சந்தேகிக்க உதவும் முதல் பரிசோதனை அரிதன்று. அதற்கான செலவும் சில நூறு ரூபாயைத் தாண்டுவதில்லை. இதனை அறிந்திருந்தால் ஒரு குடும்பம் இரண்டாம், மூன்றாம் அறுவையைத் தவிர்க்க இயலும். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். கீழ்க்காண்பவை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகா. மருத்துவரிடம் சரியான வினாக்களைக் கேட்பதற்கு மட்டுமே துணைபுரியும்.

எலும்புப்புரையும் எலும்பு மென்மையும்

'எலும்பு தேய்ந்துவிட்டது' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரு வேறு நோய்கள் அடங்கியுள்ளன. பழவங்காடி கணபதி கோயில் முன்றிலில் நாள்தோறும் தேங்காய் உடைபடும் ஓசையைக் கேட்டுப் பழகிய நமக்குத் தேங்காயைக் கொண்டே இதனை விளக்கலாம். முற்றிய தேங்காயின் சிரட்டை கடினமானது. அந்தச் சிரட்டை மெலிந்து, ஆங்காங்கே ஓட்டை விழுந்து போனால் எளிதில் உடையும். எலும்புப்புரை நோய் இத்தகையது. அதில் எலும்பின் அளவு குறைகிறது; எஞ்சிய எலும்பின் தரம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கிறது.

இளநீர்க் காயின் சிரட்டையோ இன்னும் இறுகாதது. கத்தியின் முனை எளிதில் அதனுள் இறங்கும். ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மை நோய் இதனை ஒத்தது. எலும்பின் அடிப்படைப் புரதச் சட்டகம் உருவாகிவிடுகிறது. ஆனால் அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகுவதில்லை. கட்டடத்திற்குக் கம்பி கட்டியாகிவிட்டது, காங்கிரீட் இறுகவில்லை என்று சொல்வதைப் போன்றது இந்நிலை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் இவ்விரு நோய்களுமே 'அடர்த்தி குறைவு' என்றே காட்டக்கூடும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்த நோய் எனப் பிரித்தறிய இயலாது. எலும்புப்புரைக்குத் தரப்படும் சில மருந்துகள், திருத்தப்படாத எலும்பு மென்மை நோயில் பயன் தருவதில்லை. சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கலாம். ஆகவே பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பாஸ்பேட் என்னும் மறக்கப்பட்ட கணக்கு

கால்சியத்தைப் பற்றி அனைவரும் பேசுகின்றனர். பாஸ்பேட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உடலில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் உள்ளது. இரத்தத்தில் அதன் அளவு வயது வந்தோருக்குப் பொதுவாக டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஆய்வகத்திற்கு ஆய்வகம் இவ்வரம்பு சிறிது மாறுபடும்.

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும்போது பாஸ்பேட்டும் வடிகட்டப்பட்டு வெளியேறுகிறது. பின்னர் அதன் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற்குள் ஈர்த்துக்கொள்ளப்படுகிறது. வங்கி மொழியில் சொன்னால், கணக்கிலிருந்து பற்று வைக்கப்பட்ட தொகை உடனுக்குடன் வரவாகத் திரும்புகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர்களுள் முதன்மையானது எஃப்.ஜி.எஃப். 23. எலும்புச் செல்களே இதனைச் சுரக்கின்றன. இது மிகுந்தால் சிறுநீரகம் பாஸ்பேட்டைத் திரும்ப ஈர்ப்பதில்லை. வைட்டமின் டி தன் செயல்திறன் மிக்க வடிவத்தை அடைவதும் தடைபடுகிறது. அதனால் குடலிலிருந்து பாஸ்பேட் வந்து சேர்வதும் குறைகிறது. செலவு ஏறுகிறது; வரவும் சுருங்குகிறது. கணக்கு எத்தனை நாள் தாங்கும்?

நாம் பேசும் கட்டி இந்த இயக்குநீரையே கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது. பெரும்பாலும் இக்கட்டி சிறியது, மெதுவாக வளர்வது, புற்றுநோய்த் தன்மை அற்றது. கால்களிலும், முகம், தாடை, மூக்கையொட்டிய எலும்பறைகள் ஆகிய பகுதிகளிலும் அதிகம் காணப்படுகிறது. தொட்டால் வலிக்காத சிறு முடிச்சாகத் தோலுக்கு அடியில் இருக்கலாம். எலும்புக்குள்ளேயே ஒளிந்தும் இருக்கலாம்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் மெக்கான்ஸ் என்னும் மருத்துவர், வைட்டமின் டி கொடுத்தும் எளிதில் குணமாகாத எலும்பு மென்மை நோயுடைய ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். அவருடைய தொடையெலும்பில் இருந்த கட்டி அகற்றப்பட்டபின் நோய் தீர்ந்தது. எனினும் கட்டியே காரணம் என்பது அப்போது தெளிவாகவில்லை. 1959இல் சுவிட்சர்லாந்தின் ஆந்திரேயா பிராடர், விலா எலும்பில் கட்டியுடைய ஒரு சிறுமியின் நோயை ஆராய்ந்து, கட்டியிலிருந்து வெளிப்படும் ஏதோ ஒரு பொருளே நோய்க்கு மூலம் என்று கருத்துரைத்தார். அந்தப் பொருள் எஃப்.ஜி.எஃப். 23தான் என்பது 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. முதல் நோயாளியிலிருந்து விடை வரை அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

நம் நாட்டிலும் இந்நோய் பதிவாகியுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகளின் நாளமில்லாச் சுரப்பியியல் துறைகள் இத்தகைய நோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சை அளித்து, அவ்விவரங்களை வெளியிட்டுள்ளன. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உட்பட மூன்று உயர்நிலை மருத்துவமனைகள் தம் அனுபவத்தைத் தொகுத்து 2019இல் வெளியிட்டன. இத்தகைய ஆய்வுகள் யாவும் சுட்டிக்காட்டும் பொதுச் செய்தி ஒன்று உண்டு: வலி தொடங்கிய நாளுக்கும் நோயின் பெயர் தெரியவரும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் முதுகுவலி, வாதம், தசைநோய், மனச்சோர்வு எனப் பல பெயர்களில் மருத்துவம் நடந்திருக்கும். சிலருக்கு இடுப்பு அறுவையும் நடந்து முடிந்திருக்கும்.

இடுப்பில் நேர்வது என்ன?

சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின்மீது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. மாடிப்படி ஏறும்போது இச்சுமை இன்னும் கூடும். தொடையெலும்பின் பந்து போன்ற தலையைத் தண்டுடன் இணைக்கும் கழுத்துப் பகுதியே இச்சுமையின் பெரும்பங்கைத் தாங்குகிறது. எலும்பு இளகியிருக்கையில் இக்கழுத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும். கீழே விழாமலேயே, அன்றாட நடையிலேயே அவை முழு முறிவாக மாறலாம். சிலருக்கு இரு பக்கமும் இவ்வாறு நேர்கிறது.

முறிவுக்குத் திருகாணிகள் பொருத்தப்படலாம். அல்லது செயற்கை மூட்டு மாற்றப்படலாம். நவீன செயற்கை இடுப்பு மூட்டு, 1962இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. இன்று அது மிக நம்பகமான அறுவைகளுள் ஒன்று. உடலுக்குள் பொருத்தும் கருவிகள் நம் நகரத்திற்கும் புதியவையல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எந்தக் கருவியாயினும் அதன் ஆயுள் கருவியின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று. அதனைத் தாங்கும் உடலின் தரத்தையும் சார்ந்தது.

செயற்கை மூட்டு இரு வழிகளில் எலும்புடன் பிணைக்கப்படுகிறது. ஒன்று, எலும்புச் சிமெண்ட் கொண்டு பொருத்துவது. சிமெண்ட் ஒரு பசையன்று. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள எலும்பே வளைந்து கொடுக்குமானால் ஒவ்வோர் அடியிலும் நுண்ணசைவு ஏற்பட்டு, அப்பிடிப்பு நாளடைவில் தளரும். மற்றொன்று, சிமெண்ட் இல்லாத முறை. இதில் உலோகத்தின் சொரசொரப்பான மேற்பரப்பில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். தாதுப் படியாத எலும்பு அவ்வாறு பற்றுவதில்லை.

ஆகவே இந்நோயை அறியாமல் அறுவை செய்தால் பின்வரும் சிக்கல்கள் எழக்கூடும்:

1. முறிவுக்குப் பொருத்திய திருகாணிகள் தளர்ந்து, எலும்பைக் கிழித்து வெளிவருதல், முறிவு கூடாமலிருத்தல்.

2. செயற்கை மூட்டின் தண்டோ கிண்ணமோ எதிர்பார்த்த காலத்திற்கு வெகு முன்னரே தளர்தல்.

3. தண்டைச் சுற்றியுள்ள எலும்பு மீண்டும் முறிதல்.

4. அறுவை செய்த பக்கம் தேறும் முன்னரே மறுபக்க இடுப்போ, விலாவோ, முதுகெலும்போ முறிதல்.

5. அறுவை நன்கு முடிந்தபின்னும் வலியும் தசைத் தளர்ச்சியும் நீடித்தல். பாஸ்பேட் குறைவு தசைகளையும் பாதிப்பதால், நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடாகிவிடும்.

இவ்வாறு நேரும்போது குடும்பத்தினர் அறுவை மருத்துவரையோ, கருவியையோ, நோயாளியின் 'ஒத்துழையாமை'யையோ குறை கூறுவது இயல்பு. மீண்டும் கடன் வாங்கி மறு அறுவைக்கு ஆயத்தமாவதும் உண்டு. அடித்தளத்தைச் சோதிக்காமல் சுவரை மட்டும் திரும்பத் திரும்பக் கட்டுவதற்கு ஒப்பானது இது.

சிகிச்சையின் வரிசை

நற்செய்தி யாதெனில், இது பெரும்பாலும் முற்றிலும் குணப்படுத்தக்கூடிய நோய். கட்டியை முழுமையாக அகற்றினால் எஃப்.ஜி.எஃப். 23 விரைவில் குறைகிறது. சில நாள்களிலேயே இரத்தப் பாஸ்பேட் இயல்பு நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் சில மாதங்களில் நடந்து செல்வது மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. பல விரிசல்கள், தாது படிந்தவுடன் அறுவையின்றியே கூடிவிடுகின்றன.

கடினமான பணி கட்டியைக் கண்டுபிடிப்பதே. அதற்குக் காலியம் 68 டோட்டாடேட் என்னும் கதிரியக்க மருந்தைக் கொண்டு தலை முதல் கால் வரை எடுக்கப்படும் பெட் சி.டி. ஸ்கேன் இன்று பெரிதும் உதவுகிறது. இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் நோயை உறுதியாகச் சுட்டியபின்னரே மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைப்பர். கட்டி அகப்படாதபோதும், அகற்ற இயலாத இடத்தில் இருக்கும்போதும் பாஸ்பேட் மருந்தை நாளில் பலமுறை பிரித்து அருந்துவதும், அதனுடன் கால்சிட்ரியால் உட்கொள்வதும் வழக்கம். எஃப்.ஜி.எஃப். 23ஐ நேரடியாகத் தடுக்கும் புரோசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு 2020இல் அமெரிக்கா இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. அதன் விலை மிக உயர்ந்தது.

இடுப்பு முறிவு ஏற்பட்ட முதியவருக்கு அறுவையைத் தாமதிப்பதும் ஆபத்தே. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்று, இரத்தக்கட்டு முதலிய இடர்களைக் கூட்டும். ஆகவே அவசர அறுவையைத் தள்ளிப்போடுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. அறுவைக்கு எப்படியும் இரத்தம் எடுக்கப்படுகிறது. அதிலேயே பாஸ்பேட்டையும் பார்க்குமாறு கேட்கலாம். திட்டமிட்டுச் செய்யும் மூட்டு மாற்று அறுவையாயின், காரணத்தைக் கண்டறிந்து தாதுக் குறையைச் சீர்செய்த பின்னரே அறுவைக்கு நாள் குறிப்பது நலம்.

எவர் விழிப்புடன் இருக்க வேண்டும்?

விழாமலோ சிறு தடுமாற்றத்திலோ எலும்பு முறிந்தோர், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முறிவு கண்டோர், பொருத்திய கருவி விரைவில் தளர்ந்தோர், உயரம் குறைந்தோர், வாத்து நடை போல இருபுறமும் சாய்ந்து நடப்போர், வைட்டமின் டியும் கால்சியமும் பல மாதம் எடுத்தும் எலும்பு வலி தீராதோர் ஆகியோர் இது குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். குறிப்பாக 60 வயதுக்குக் குறைந்தவருக்கு இத்தகைய முறிவு நேர்ந்தால் 'வயதாகிவிட்டது' என்னும் விளக்கத்தோடு அமைதி அடையலாகாது.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: வெறும் வயிற்றில் இரத்தப் பாஸ்பேட், கால்சியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, பாராதைராய்டு இயக்குநீர். ஆய்வக அறிக்கையில் இது 'பாஸ்பரஸ்' என்ற பெயரிலும் இருக்கும். வழக்கமான பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் கால்சியம் இருக்கும், பாஸ்பரஸ் இராது. தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பாஸ்பேட் குறைவு என்றவுடன் கட்டிதான் என்று அஞ்சவும் வேண்டா. வைட்டமின் டி குறைவே எலும்பு மென்மைக்குப் பொதுவான காரணம். மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் எச்.ஐ.வி.க்கும் தரப்படும் சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதித்தும், இரத்தசோகைக்கு நரம்பு வழி ஏற்றும் சிலவகை இரும்புச்சத்து மருந்துகளாலும் பாஸ்பேட் குறையலாம். பரம்பரைக் காரணங்களும் உண்டு. எது என்பதை நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் பிரித்தறிவார்.

நிதித் திட்டமிடலுக்குச் சில குறிப்புகள்

மருத்துவக் காப்பீடு உடையோர், மூட்டு மாற்று அறுவைக்குத் தம் ஆவணத்தில் காத்திருப்புக் காலம் உள்ளதா என்று முதலில் காண்க. 2024இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மிகலாகாது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய பரிசோதனைச் செலவையும் குறிப்பிட்ட நாள் வரம்புக்குள் பல காப்பீடுகள் ஈடுசெய்கின்றன. எனவே மூல இரசீதுகளைப் பேணுக. 70 வயது நிறைந்தோர் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் தமக்குரிய உதவியையும், கேரள அரசு ஓய்வூதியர் மெடிசெப் திட்டத்தையும் விசாரித்தறிய வேண்டும். எமது கிளையில் பலர் சேர்ந்துள்ள ஆண்டுக்கு 20 ரூபாய்ப் பிரதமர் விபத்துக் காப்பீடு, மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் உரியது. மருத்துவமனைச் செலவை அது ஈடுசெய்யாது.

அவசரத்திற்கு வைப்பை முறிப்பதற்கு முன், வைப்பின் ஈட்டில் கடன் பெறுவது இலாபமா என்று கணக்கிட்டுப் பார்க்குமாறு கிளையில் கேளுங்கள். முதிர்வு அண்மையில் இருக்குமாயின் பெரும்பாலும் அதுவே நன்று. மறு அறுவைக்குக் கடன் கோரும் முன், 'முதல் அறுவை ஏன் தோற்றது?' என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு விளக்கத்தையும் இரண்டாம் மருத்துவக் கருத்தையும் பெறுவது உங்கள் பணத்திற்கும் உடலுக்கும் பாதுகாப்பு. பொருத்திய கருவியின் பெயரும் வரிசை எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு, வெளியேற்றச் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றைக் காப்பீட்டு ஆவணத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

இடுப்பு முறிந்து படுக்கையில் இருப்பவர் கிளைக்கு வர வேண்டியதில்லை. 70 வயதைக் கடந்தோருக்கும் உடல் நலிவுற்றோருக்கும் இல்லத்திலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியுள்ளது. கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் ரேகை இட்டுப் பணம் பெறலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை உறுதிசெய்ய வேண்டும், அவர்களுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருப்பார். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றினை முக அடையாளம் வாயிலாகக் கைப்பேசியிலேயே அளிக்கலாம். இவற்றுள் எதற்கும் குடும்பத்தினர் ஒருவர் கிளைக்கு வந்தோ தொலைபேசியிலோ தெரிவித்தால் போதும். நாள் குறித்து எமது அலுவலர் இல்லம் தேடி வருவார்.